தனிவழிப் பயணி இரமணர்

பொருள் தேடியும் பிற கடமை கருதியும் தலைவன் பிரியும் பிரிவைக் காலிற் பிரிவு, கலத்திற் பிரிவு என இருவகையாகப் பகுத்துரைப்பது நம் அகத்திணை மரபு. கலத்திற் பிரிவோன் தலைவியை உடன்கொண்டு செல்லும் வழக்கமில்லை என்று தொல்காப்பியம் வரையறுத்துக் கூறும். எனவே கடற்பயணம் என்ற அளவில் கரையில் ஒருத்தி காத்திருத்தலும் உடன் எண்ணப்பட வேண்டியதாகின்றது. செல்வோனின் ஆண்மையைப் பாடிய நம் புலவர்கள் இருப்போளின் இரங்கலையும் பாடாமல் விடவில்லை. தனிமை நாடிச் சென்ற பெரியோர்தம் வரலாறுகளை எழுதும் நாம் பெரும்பாலும் முதற்பாதியோடு நின்றுவிடுகிறோம். திருவண்ணாமலையில் வாழ்ந்து மறைந்த இரமண மகரிஷியின் வாழ்க்கையை இரு பாதிகளையும் சேர்த்து நோக்குவதே இக்கட்டுரையின் முயற்சியாகும்.

அவரைக் காணுமுன் அவர் காலத்தே கடல்வழித் தனிமையிற் புகுந்த ஒருவரைச் சற்றே கண்டு வருவோம். கனடா நாட்டில் 1844-ஆம் ஆண்டு பிறந்து அமெரிக்கக் குடியுரிமை பெற்ற கப்பல் தலைவர் ஜோசுவா ஸ்லோக்கம் என்பார், பாழடைந்து கிடந்த ஒரு சிறு கலத்தைப் பெற்று, 13 திங்கள் தம் கையாலேயே செப்பனிட்டு, அதற்கு 553 டாலரும் சில்லறையும் செலவிட்டார். ‘ஸ்ப்ரே’ என்ற அக்கலத்தின் நீளம் 37 அடிக்குச் சற்றுக் குறைவு. 1895 ஏப்ரல் 24-ஆம் நாள் பாஸ்டன் துறைமுகத்தினின்றும் தனியராகப் புறப்பட்ட அவர், ஏறத்தாழ 46,000 மைல் கடந்து, 1898 சூன் 27-ஆம் நாள் நியூபோர்ட் துறையை வந்தடைந்தார். உலகைத் தனியொருவராய்க் கலத்தில் வலம் வந்தவருள் முதல்வர் அவரே. அக்கலத்தில் எந்திரம் இல்லை; கம்பியில்லாத் தந்தியும் இல்லை. நல்ல கடிகாரமும் இல்லை. முகப்புக் கண்ணாடி உடைந்தமையால் விலை குறைத்து ஒரு டாலருக்குக் கிடைத்த தகரக் கடிகாரம் ஒன்றே இருந்தது. பிற்காலத்தே நம் நாட்டவருள் திலீப் டோண்டே 2009, 2010 ஆண்டுகளிலும், அபிலாஷ் டோமி 2012, 2013 ஆண்டுகளிலும் இவ்வரிய செயலைச் செய்து முடித்தனர். அவர்களுக்குக் கரையோடு பேசும் கருவிகளேனும் துணையிருந்தன.

ஸ்லோக்கம் தம் நூலில் எழுதியுள்ள ஒரு செய்தி நம் கருத்திற்குரியது. முதற் சில நாட்கள் தனிமை அவரைத் தாங்கொணாது வருத்தியது. பேச்சே மறந்துவிடுமோ என்றஞ்சி இல்லாத மாலுமிக்குக் கட்டளை இட்டும், மீன்களும் ஆமைகளும் கேட்கப் பாடியும் பொழுது கழித்தார். பின்னர் அத்துயர் அவரை விட்டு நீங்கிற்று, மீண்டும் வரவில்லை. 1896-ஆம் ஆண்டு மே முதல் சூலை வரை பசிபிக் பெருங்கடலில் 72 நாட்கள் இடையே எத்துறையையும் அடையாமல் சென்றார். அச்சூலைத் திங்களில்தான் மதுரை மாநகரின் ஒரு வீட்டு மாடியில் பதினாறு அகவை நிரம்பிய மாணவன் ஒருவன் வேறொரு கடலிற் கலம் செலுத்தினான்.

அம்மாணவனின் பெயர் வேங்கடராமன். இன்றைய விருதுநகர் மாவட்டத்துத் திருச்சுழியில் 1879 டிசம்பர் 30-ஆம் நாள் பிறந்தவன். தந்தை சுந்தரம் ஐயர், அவ்வூரில் வழக்குரைத்தவர், தாய் அழகம்மாள். அண்ணன் நாகசுவாமி, தம்பி நாகசுந்தரம், தங்கை அலமேலு. 1892-இல் தந்தை இறக்கவே குடும்பம் சிதறியது. அண்ணனும் இவனும் மதுரையில் சிற்றப்பா சுப்பையர் இல்லம் சேர்ந்தனர். ஸ்காட் நடுநிலைப் பள்ளியிலும் பின்னர் அமெரிக்க மிஷன் உயர்நிலைப் பள்ளியிலும் பயின்றான். கல்வியில் நாட்டம் மிகுதியில்லை, விளையாட்டில் மிகுதி. உறக்கமோ அடித்தாலும் கலையாத உறக்கம். ஞானியாவதற்குரிய அறிகுறிகளைப் பிள்ளைப் பருவத்திலேயே தேடிக் காட்டுவது நம் வரலாற்று ஆசிரியர்களின் வழக்கம். இவனிடத்து அவ்வாறு காட்டுவதற்கு அதிகம் இல்லை என்பதே உண்மை. 1895 நவம்பரில் உறவினர் ஒருவர் தாம் அருணாசலத்திலிருந்து வருவதாகக் கூறக் கேட்டு, அது மண்ணுலகில் உள்ள ஊர்தானா என வியந்தான். பின்னர்ப் பெரியபுராணம் கைக்குக் கிடைத்தது, படித்து உருகினான்.

1896 சூலையில் ஒருநாள், நோய் ஏதுமின்றி இருக்கையிலேயே, இறக்கப் போகிறோம் என்ற அச்சம் அவனைத் திடீரெனப் பற்றியது. மருத்துவரையோ வீட்டாரையோ அவன் அழைக்கவில்லை. கைகால்களை நீட்டிப் பிணம்போற் கிடந்து, இவ்வுடல் இறந்தால் இறப்பது எது, எஞ்சுவது எது எனத் தனக்குள் ஆராய்ந்தான். உடல் அழியினும் அழியாது நிற்கும் ஒன்று தன்னுள் இருப்பதைக் கண்டதாகவும், அன்றோடு சாவச்சம் முற்றும் ஒழிந்ததாகவும் பிற்காலத்தே அவர் அன்பர்களிடம் எடுத்துரைத்தார். அரைமணி நேரத்திற்குள் நிகழ்ந்தது இது. அதன்பின் பாடத்தில் மனம் பற்றவில்லை. மீனாட்சியம்மன் கோயிலில் தனியே நின்று கண்ணீர் பெருக்குவது வாடிக்கையாயிற்று.

ஆகஸ்டு 29-ஆம் நாள் ஆங்கில இலக்கணப் பாடத்தை மும்முறை எழுதுமாறு ஆசிரியர் இட்ட தண்டனைக்காக அமர்ந்தவன், இருமுறை எழுதி ஏட்டை மூடி வைத்துக் கண்மூடி இருந்தான். இப்படி இருப்பவனுக்கு வீடும் படிப்பும் எதற்கு என்று அண்ணன் கடிந்துகொண்டான். சொன்னவன் அதன் பொருளை எண்ணிச் சொல்லவில்லை, கேட்டவன் எண்ணினான். பள்ளியில் சிறப்பு வகுப்பு உண்டென்று கூறி எழுந்தான். அண்ணனுடைய கல்லூரிச் சம்பளத்திற்காகச் சிற்றன்னை தந்த ஐந்து ரூபாயில் மூன்றை எடுத்துக்கொண்டு இரண்டை வைத்தான். உடன் ஒரு கடிதமும் வைத்தான். தந்தையைத் தேடி அவர் ஆணைப்படியே புறப்பட்டதாகவும், தேட வேண்டாமென்றும், சம்பளம் இன்னும் கட்டப்படவில்லை, மீதம் இரண்டு ரூபாய் இதனோடு உள்ளதென்றும் அது தெரிவித்தது. தமிழ் இலக்கணம் பயில்வோர் கருத்தூன்ற வேண்டிய ஓர் இயல்பு அக்கடிதத்தில் உண்டு. தன்மை ஒருமையில் ‘நான்’ எனத் தொடங்கும் அது, அடுத்த தொடரிலேயே ‘இது’ என அஃறிணைக்கு இறங்கிவிடுகிறது. இறுதியிலோ கையொப்பமே இல்லை, வெறுங்கோடு மட்டுமே உண்டு. எழுதியவன் இதனைத் திட்டமிட்டுச் செய்தானென்று கருத இடமில்லை.

ஸ்லோக்கமிடம் கடல்வரைபடம் இருந்தது. இவனிடம் பழைய நிலப்படநூல் ஒன்று. அதில் திருவண்ணாமலைக்கு அண்மையில் உள்ள புகைவண்டி நிலையம் திண்டிவனம் என்று கண்டான். விழுப்புரத்திலிருந்து திருவண்ணாமலைக்கே இருப்புப்பாதை போடப்பட்டிருந்த செய்தி அப்பழைய நூலில் ஏறவில்லை. நிலையத்துக்குக் காலந்தாழ்ந்து சென்றான். நல்வாய்ப்பாக வண்டியும் காலந்தாழ்ந்தே வந்தது. திண்டிவனத்துக்குக் கட்டணம் இரண்டு ரூபாய் பதின்மூன்றணா. மீதம் மூன்றணா.

வண்டியில் வெண்தாடி கொண்ட மௌலவி ஒருவர் இறைநேசச் செல்வர்களின் வரலாறுகளைப் பிற பயணியர்க்கு எடுத்துரைத்து வந்தார். எதிலும் கலவாது மூலையில் அமர்ந்திருந்த சிறுவன்மீது அவர் பார்வை சென்றது. எங்கே செல்கிறான் என வினவினார். திருவண்ணாமலைக்கு என்றதும், தாமும் அவ்வழியே அதற்கு முந்தைய நிலையமாகிய திருக்கோவலூருக்குச் செல்வதாகக் கூறித் திண்டிவனம் செல்ல வேண்டியதில்லை, விழுப்புரத்தில் இறங்கி வண்டி மாற வேண்டும் என வழிப்படுத்தினார். இம்மௌலவியின் பெயர் எந்நூலிலும் பதிவாகவில்லை. மதுரைச் சிறுவன் கண்ட நிலப்படநூலின் பிழையைத் திருத்தியவர் அவரே என்பதை நம் கல்லூரி மாணவர்கள் அறிந்திருத்தல் நன்று.

திருச்சிராப்பள்ளியில் அரையணாவுக்கு இரண்டு பேரிக்காய் வாங்கினான். ஒரு கடிக்குமேல் உண்ண இயலவில்லை. இப்போது கையில் இரண்டரையணா. பின்னிரவில் விழுப்புரத்தில் இறங்கி, விடிந்தபின் ஊருக்குள் அலைந்து, உணவு விடுதியொன்றில் நண்பகல்வரை காத்திருந்து உண்டான். சிறுவனிடம் உள்ளது இரண்டரையணாவே என்றறிந்த விடுதிக்காரர் காசு வாங்க மறுத்துவிட்டார். அக்காசு மாம்பழப்பட்டுவரை செல்லச் சீட்டு வாங்கவே சரியாயிற்று. எஞ்சிய வழியை நடந்தான். திருஞானசம்பந்தர் பெயரோடு தொடர்புடைய அறையணிநல்லூர்க் கோயிலில் அன்றிரவு ஒளியொன்று கண்டதாகக் கூறுவர். கீழூர்க் கோயிலில் மத்தளம் வாசிப்பவர் தம் பங்குச் சோற்றைத் தந்தார். மறுநாள் முத்துகிருஷ்ண பாகவதர் என்பாரிடம் தன் கடுக்கன்களை நான்கு ரூபாய்க்கு அடகு வைத்தான். அவர் எழுதித் தந்த சீட்டைத் தெருவிலேயே கிழித்தெறிந்தான். மீட்கும் எண்ணம் இல்லாதவனுக்குச் சீட்டெதற்கு?

1896 செப்டம்பர் 1-ஆம் நாள் காலை திருவண்ணாமலை வந்து சேர்ந்தான். அருணாசலேசுவரர் கோயிலுட் புகுந்து வழிபட்டு மீண்டவன், தலைமயிரை மழித்து, பூணூலை நீக்கி, எஞ்சிய காசையும் தின்பண்டப் பொட்டலத்தையும் அய்யங்குளத்தில் எறிந்தான். அன்றுமுதல் அவ்வூர் எல்லையை நீங்கவே இல்லை. காசைத் தொடவும் இல்லை.

அதன்பின் அவர் பட்ட பாடுகள் புயற்கடலில் கலம் பட்ட பாட்டிற்குக் குறைந்தவை அல்ல. ஆயிரக்கால் மண்டபத்தில் அமர்ந்தபோது சிறுவர்கள் கல்லெறிந்தனர். கதிரொளி புகாத பாதாளலிங்கக் குகைக்குள் சென்றார்; அங்கே எறும்பும் பூச்சியும் தொடைகளை அரித்துப் புண்ணாக்கின; அதனையும் அவர் உணரவில்லை. சேஷாத்திரி சுவாமிகள் காவல் நின்றார். பின்னர் அன்பர்கள் அவரை அப்படியே தூக்கி வெளிக்கொணர்ந்தனர். ஊர்ப்புறத்துக் குருமூர்த்தத்தில் ஓராண்டுக்கு மேல் இருந்தபோது முடி சடையாயிற்று; நகம் வளர்ந்து சுருண்டது. பழனிசாமி என்னும் மலையாள நாட்டு அன்பர் தொண்டராய் வந்தமைந்தார். அவர் கொணர்ந்த தமிழ் நூல்களை எழுத்துக் கூட்டிப் படித்துத் தடுமாறக் கண்டு, தாமே வாங்கிப் படித்துப் பொருள் கூறத் தொடங்கியதே இரமணரின் நூற்பயிற்சிக்குத் தோற்றுவாய். பேசாமையை அவர் நோன்பாக ஏற்றதில்லை. பேசத் தோன்றவில்லை, பேசவில்லை.

ஊரும் பேரும் எவர்க்கும் தெரியாதிருந்தன. வட்ட அலுவலகத்தில் பணிபுரிந்த அன்பர் ஒருவர் விடாது வற்புறுத்தவே, வேங்கடராமன், திருச்சுழி என ஆங்கிலத்தில் எழுதிக் காட்டினார். அப்படி ஓர் ஊர் உண்டா என அவர் ஐயுற, அருகிலிருந்த பெரியபுராணத்தை எடுத்துச் சுந்தரர் பதிகம் பெற்ற தலமாகத் திருச்சுழி குறிக்கப்படும் இடத்தைச் சுட்டினார். தம் பிறப்பிடத்துக்கு அவர் காட்டிய சான்று அது ஒன்றே.

இனிக் கரையில் இருந்தவளைக் காண்போம். மகன் மறைந்தபின் அழகம்மாள் திருவனந்தபுரம்வரை தேடச் செய்தார். ஏறத்தாழ ஈராண்டு எச்செய்தியும் இல்லை. 1898-இல் செய்தி கிட்டியது. மே திங்களில் மானாமதுரையில் வழக்குரைஞராக இருந்த சிறிய தந்தை நெல்லையப்பர் முதலில் வந்தார். மாந்தோப்பில் இருந்தவரிடம் வேண்டிப் பார்த்து வெறுங்கையோடு திரும்பினார். டிசம்பர் விடுமுறையில் மூத்த மகன் நாகசுவாமியுடன் தாயே வந்தார். பவழக்குன்றில் பாறைமீது படுத்திருந்தவரை, சடையும் அழுக்கும் மறைத்திருந்தும், கண்டவுடன் அடையாளம் கண்டார். நாள்தோறும் தின்பண்டம் கொணர்ந்தார், வீட்டுக்கு வருமாறு கெஞ்சினார், கடிந்தார், அழுதார். மகன் வாய் திறக்கவில்லை. ஒருமுறை அழுகை மிகவே எழுந்து அப்பால் சென்றார். கூடியிருந்தோர் மனம் பொறுக்கவில்லை. அவருள் ஒருவர் எழுதியேனும் விடை கூறுக என்று தாளும் எழுதுகோலும் நீட்டினார். அவரவர் வினைக்கேற்ப இறைவன் நடத்துவான், நடவாதது எம்முயற்சியாலும் நடவாது, நடப்பது தடுப்பினும் நில்லாது, ஆகையால் மௌனமே நன்று என்னும் கருத்துப்பட எழுதித் தந்தார். தாய் ஊர் திரும்பினார்.

வரலாறு எழுதியோர் பலர் இவ்விடத்தை அத்தாளின் தத்துவப் பெருமையோடு முடித்து அடுத்த இயலுக்குச் சென்றுவிடுகின்றனர். அதில் அம்மாவே என்னும் விளிகூட இல்லை என்பதை நினைக்க நமக்கு நெஞ்சு நோகிறது. கணவனை இழந்தவள், மகனைப் பெற்றும் பெறாதவளாய் மீண்டும் நெடுவழி போனாள். இத்துயரை மறைத்து எழுதுவதால் ஞானிக்குப் பெருமை கூடிவிடாது.

1899-இல் மலைமேல் விரூபாட்சக் குகைக்குச் சென்று, 1916 வரை அங்கே வாழ்ந்தார். தனிமை தேடி மேலேற ஏற மக்கள் பின்தொடர்ந்தனர். சிவப்பிரகாசம் பிள்ளை என்னும் வருவாய்த்துறை அலுவலர் 1902-இல் கேட்ட வினாக்களுக்கு மணலிலும் பலகையிலும் எழுதிய விடைகளே பின்னர் ‘நான் யார்?’ என நூலாயிற்று. 1907-இல் காவியகண்ட கணபதி சாஸ்திரியார் இரமண மகரிஷி எனப் பெயர் சூட்டினார். பிச்சைக்கு ஊருள் செல்லும் அன்பர்கள் பாடுவதற்கென 108 கண்ணிகளில் ‘அருணாசல அட்சர மணமாலை’ பிறந்தது. 1923-இல் வந்தடைந்த தமிழாசிரியர் முருகனாரின் தூண்டுதலால் பின்னாளில் எழுந்தது ‘உள்ளது நாற்பது’. மரபு யாப்பில் இத்துணைச் செறிவான மெய்ப்பொருள் நூல் இருபதாம் நூற்றாண்டுத் தமிழில் அரிது. தமிழ்த்துறைகள் இதனைச் சமய நூலென ஒதுக்காது இலக்கியமாகவும் பயிற்றலாம்.

தாயின் கதைக்கு மீள்வோம். 1914-இல் பார்க்க வந்த அழகம்மாள் கடுங்காய்ச்சலில் வீழ்ந்தார். பதினாறாண்டுக்கு முன் தாளில் விடையிறுத்த மகன் இப்போது இரவு பகலாய் அருகிருந்து பணிவிடை செய்தார். தாயின் நோய் நீங்க வேண்டி அருணாசலத்தை நோக்கிச் செய்யுளும் இயற்றினார். நடப்பது நடக்கும் என எழுதிய கை, நடவாதிருக்க வேண்டிற்று. இதனை முரண் என்று சிலர் கூறலாம். நமக்கு அவ்வாறு தோன்றவில்லை. 1916-இல் தாய் நிலையாக வந்து தங்கினார். கந்தாசிரமத்துக்குக் குடிபெயர்ந்தனர். பிச்சையுணவே வழக்கமாயிருந்த இடத்தில் தாய் அடுப்பு மூட்டினார். வெங்காயம், முருங்கைக்காய் ஆகியவற்றைத் தொடாத அவரது ஆசாரத்தை மகன் கேலி செய்தார். இவையல்லவோ வீடுபேற்றுக்குத் தடை என்று நகைப்பார். சில வேளைகளில் பிறரோடு பேசித் தாய்க்கு விடை கூறாது வாளா இருப்பார். எல்லாப் பெண்களும் தமக்குத் தாயரே என்ற நிலையை உணர்த்தவே அவ்வாறு செய்தார் என்பது அன்பர் விளக்கம். அதனைக் கற்றுக்கொள்வது அத்தாய்க்கு எளிதாக இருந்திராது.

1922 மே 19-ஆம் நாள் அழகம்மாளின் இறுதி நாள். காலைமுதல் இரவு எட்டு மணிவரை இரமணர் ஒரு கையைத் தாயின் மார்பிலும் மற்றொன்றைத் தலையிலும் வைத்தபடி அமர்ந்திருந்தார். உயிர் அடங்கியபின் எழுந்து, தீட்டு ஏதுமில்லை, உண்போம் என்றார். மலையடிவாரத்தில் பாலித் தீர்த்தத்தை ஒட்டி அடக்கம் நிகழ்ந்தது. கந்தாசிரமத்திலிருந்து நாள்தோறும் இறங்கி அவ்விடம் வந்து சென்றவர், அவ்வாண்டு டிசம்பரில் ஒருநாள் வந்தவர் மீண்டும் ஏறவில்லை. யாரும் கட்டாயப்படுத்தவில்லை, தாமும் முடிவு செய்யவில்லை என்றே கூறுவார். இன்று நாம் காணும் இரமணாசிரமம் அத்தாயின் அடக்கவிடத்தைச் சூழ எழுந்ததேயாகும்.

கரைக்கு மீண்ட ஸ்லோக்கத்தின் பின்வாழ்வு இதற்கு மாறாயிற்று. 1902-இல் தீவொன்றில் பண்ணை நிலம் வாங்கினார். அதில் கால் ஊன்றவில்லை. மனைவி ஹெட்டி கரையிலேயே இருக்க, அவர் மீண்டும் மீண்டும் கலமேறினார். 1908-09 காலத்தில் அதே ‘ஸ்ப்ரே’யில் தனித்துத் தெற்கு நோக்கிப் புறப்பட்டவர் திரும்பவே இல்லை. கலத்தின் பலகையொன்றும் கிடைக்கவில்லை.

மாம்பழத்துக்காக உலகைச் சுற்றிய முருகனையும், தாய்தந்தையரைச் சுற்றி நின்ற பிள்ளையாரையும் நம்மவர் நன்கறிவர். இரமணர் சுற்றியது எட்டு மைலளவான அண்ணாமலை ஒன்றையே. அன்பரோடு நின்று நின்று, மரத்தடிகளில் உண்டு உறங்கி, சில வேளை இரண்டு மூன்று நாட்கள்கூட ஆகும் வலம் அது. 1926-க்குப் பின் அதனையும் விட்டார். தாம் வெளிச்சென்றால் வருவோர் காணாது திரும்புவர் என்பது ஒரு காரணம். 1924-இல் திருடர்கள் புகுந்து தொடையில் அடித்தபோதும் அவர்களைத் தாக்க விடாது தடுத்தார். பால் பிரண்டனும் சாமர்செட் மாமும் உள்ளிட்ட மேனாட்டார் வந்தனர். கூடம் இரவும் பகலும் திறந்தே கிடந்தது. பசு, நாய், அணில், மயில் எவையும் உட்புகலாம். விடியற்காலையில் எழுந்து அடுக்களையில் காய் நறுக்குவார். தமக்கென்று தனியறை கொண்டதில்லை. தனிமை காட்டில் இல்லை, மனத்தில் உள்ளது என்று வினவினோர்க்கு அவர் விளக்கியதைக் காட்டிலும், முப்பதாண்டுக் காலம் அக்கூட்டத்தின் நடுவே அவர் வாழ்ந்த வாழ்க்கையே நமக்குத் தெளிவான விளக்கமாகப் படுகிறது.

தாயின் அடக்கவிடத்தின்மேல் எழுப்பப்பட்ட மாத்ருபூதேசுவரர் கோயிலுக்கு 1949 மார்ச்சில் குடமுழுக்கு நடந்தது. அவ்வேளையில் அவரது இடக்கையில் புற்றுக்கட்டி வளர்ந்துகொண்டிருந்தது. நான்கு அறுவை மருத்துவங்கள் நடந்தும் பயனில்லை. நோய் முற்றிய நாட்களிலும் காண வருவோரைத் தடுக்கலாகாது என்றார்; வரிசையாக வந்து கண்டு சென்றனர். 1950 ஏப்ரல் 14-ஆம் நாள் இரவு 8 மணி 47 நிமிடத்துக்கு மூச்சு அடங்கியது. அவ்வேளை வானில் ஒளியொன்று மலையை நோக்கி மெல்ல நகரக் கண்டதாக, அப்போது அங்கிருந்த பிரெஞ்சுப் புகைப்படக் கலைஞர் ஆன்றி கார்த்தியே-பிரெசோன் உள்ளிட்ட பலர் குறித்துள்ளனர். மறுநாள், தாயின் கோயிலை ஒட்டினாற்போல் மகனை அடக்கம் செய்தனர்.